ஐந்து கருப்பன்களின் ஊர்

“அந்தக் குடிசு தெரியுதுங்களா? அதுக்கு நேராப் போனீங்கன்னா அக்கட்டால மொட்டக் கெணறு வரும்.”

திங்கட்கிழமை, ஆடு மேய்க்கும் மரகதக்கா சொன்ன வழி இது. அதன்படியே போய், கைப்பிடிச்சுவர் இல்லாத அந்தக் கிணற்றைப் பார்த்தேன். படமெடுக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தால் சார்ஜ் இல்லை. வெள்ளிக்கிழமை முழுச் சார்ஜுடன் மறுபடியும் போனேன். ஆட்டுப்பட்டிக் காவலுக்குப் போடும் அந்தச் சின்னக் குடிசு தூரத்திலேயே தெரிந்தது. அதற்கு நேராக நடந்தேன்.

கம்பு அறுத்த காட்டைத் தாண்டி இட்டேரியில் இறங்கினேன். இருபுறமும் வேலி போட்ட வண்டித்தடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கிளுவை வேலியில் ஒரு சந்து கண்டு நுழைந்ததில் பேண்ட் முட்டிக்குக் கீழே ஒரு சாண் கிழிந்தது. உச்சி வெயில். கையில் சுருட்டிப் பிடித்திருந்த நில வரைபடம் வியர்வையில் நனைந்து, கோடுகள் என் உள்ளங்கையில் பதிந்துவிட்டன.

ஒருவழியாகக் குடிசு வந்தது. ஆடுகள் இருந்தன. மரகதக்காவும் இருந்தார். கிணற்றை மட்டும் காணோம். அதற்குப் பதில் ஒரு கோழிப்பண்ணையின் நீளக் கொட்டகை நின்றது. காற்று வேறு அந்தப் பக்கமிருந்து அடித்தது.

“அக்கா, கெணறு எங்கீங்க?”

மரகதக்கா என் காலைப் பார்த்தார், கிழிந்த பேண்ட்டைப் பார்த்தார், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்:

“கெணறு அங்கயேதான் இருக்குது சாமி. குடிசுதான் இங்க வந்துபோட்டுது.”

ஆய்வாளர் ஆன கதை

விடுதிச் சாம்பாரைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள். மூவருமே அதே விடுதியில் இருந்தவர்கள். சாம்பார் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். மகிழ்ச்சி. இந்த வாரம் சாப்பாட்டை விட்டு ஆய்வுக்கு வருகிறேன்.

கோவையில் முதுகலை வரலாறு படித்த கடைசி வருடம் அது. ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். மற்றவர்கள் கோயில், கோட்டை என்று எடுத்தார்கள். நான் எங்கள் ஊரையே எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்த மாதிரி வீட்டில் இருந்தார்கள், என்ன விதைத்தார்கள். தலைப்பைச் சொன்னதும் என் வழிகாட்டி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதுக்கெல்லாம் ஆதாரம் கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கிடைத்தது. பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் ஓர் அறையில், துணியில் சுற்றிய கட்டொன்றில், எங்கள் ஊர்க் கணக்கு இருந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை காடு காடாகப் போய் எழுதியது; காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். பேனா கொண்டுபோகக் கூடாது என்பதால் பதினொரு நாள் பென்சிலால் பார்த்து எழுதினேன். தமிழ் எண்களைப் படித்துப் பழகவே முதல் இரண்டு நாள் போயிற்று.

அதில் ஊரே இருந்தது. ஓட்டு வீடு இத்தனை, ஓலை வேய்ந்த வீடு இத்தனை. ஏர் இத்தனை, காளை இத்தனை. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக் கிணறு இத்தனை. தோட்டத்தில் பருத்தி, புகையிலை, ராகி. மானாவாரிக் காட்டில் கம்பு, சோளம், கொள்ளு. ஓட்டு வீட்டுக்காரர்களுக்குப் பெயரோடு அப்பா பெயரும் இருந்தது. வாசல் எந்தத் திசை என்றுகூட எழுதியிருந்தார் கணக்குப்பிள்ளை.

கடைசி நான்கு பக்கங்களில் நாங்கள் இருந்தோம்.

பண்ணையத்து ஆட்கள். அப்பா பெயர் கிடையாது, வாசல் திசை கிடையாது. காட்டின் பெயர், அதில் ஒரு குடிசு, ஆளின் பெயர், ஆண் ஒன்று, பெண் ஒன்று, பிள்ளைகள் இத்தனை, பட்டியில் ஆடு இத்தனை. அவ்வளவுதான். பனங்காட்டில் ஒரு குடிசு, கருப்பன். கல்லாங்காட்டில் ஒரு குடிசு, கருப்பன். செம்மங்காட்டில் ஒரு குடிசு, மாரன். எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினான்கு.

பதினான்கு வீடு. அந்த அறையில் சத்தம் போடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்ததால் நான் சத்தம் போடவில்லை.

அப்பாவின் குரல்

அப்பா பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறார். முப்பது தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடத்தில் இருபது வருடம் நின்றவருக்கு மெதுவாகப் பேசுவது என்பது மறந்துவிட்ட விஷயம். வீட்டில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரம்மா தன் குழம்பை ருசி பார்ப்பார். எங்கள் காலனியில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது அப்பாவுக்குத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்கள். நான் பென்சிலால் எழுதி வந்த காகிதங்களை அப்பா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “இதுல நம்மாளுக எங்கடா?” என்றார். காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எழுத்து தெரியாவிட்டாலும் வரிகளை எண்ணலாம் அல்லவா? பதினான்கு வந்தது.

மறுநாள் காலை ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. டீக்கடையில் பேச்சு முற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர், “நீங்கெல்லாம் பஞ்சத்துக்குப் பொழைக்க வந்தவிய, உங்களுக்கு இந்த ஊரப் பத்தி என்னப்பா தெரியும்?” என்று சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் விதத்தில்தான் எங்களுக்கு விஷயம் தெரியும்.

இப்போது அவர் கையில் பதினான்கு வீடு இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் இருந்தது.

பொங்கலுக்கு எங்கள் காலனி சமுதாயக் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அப்பா முன்னால் நின்று, பெயின்டர் மணியைக் கூப்பிட்டு, ரோட்டைப் பார்த்த சுவரில் நீல எழுத்தில் எழுத வைத்தார்: ‘நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் எம் மக்களுக்குப் பதினான்கு வீடுகள். ஆதாரம்: பழைய பதிவேடு.’ ஆதாரம் என்ற சொல்லை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அதில் பெரிய பெருமை.

டீக்கடையில் பேசியவர்கள் வந்து படித்தார்கள். அதற்குப் பிறகு பஞ்சத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா செருப்பை ஒழுங்காகக் கழற்றினார்.

ஓர் அடிக்குறிப்பு

ஆய்வேடு முடிந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. அதில் நான் எழுதிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்துப் பயனில்லை, மூன்று பிரதிகள் இருக்கின்றன.

பதினான்கு குடிசுகளில் ஐந்தில் இருந்தவர் பெயர் கருப்பன். நான்கில் மாரன். மூன்றில் ரங்கன். இரண்டில் சடையன். எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. யோசித்து ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்: ‘இக்காலத்தில் கருப்பன் என்னும் பெயர் இவ்வூர் உழைக்கும் மக்களிடையே பெரிதும் பரவியிருந்தது தெரிகிறது.’

இன்னொன்றும் கண்டேன். ஐந்து கருப்பன்களுக்கும் மும்மூன்று பிள்ளைகள். நான்கு மாரன்களுக்கும் இரண்டிரண்டு. இதற்கும் விட்டேனா? ‘ஒரே பெயருடைய குடும்பங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒத்திருப்பது மேலும் ஆய்வுக்குரியது’ என்று எழுதினேன்.

மேலும் ஆய்வுக்குரியதுதான். மரகதக்கா செய்தார்.

பட்டி மாற்றம்

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வாய்மொழித் தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார், எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். பழைய கவலைக் கிணறுகளுக்கு உதாரணமாக அன்று திரையில் காட்டத்தான் அந்தக் கிணற்றின் படம் எனக்கு வேண்டியிருந்தது.

மரகதக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எண்பது ஆடு வைத்திருக்கிறார். உரம் வேண்டும் என்கிற காட்டுக்காரர்கள் போன் செய்தால் அங்கே பட்டி போடுவார். முள்ளால் முடைந்த படலுக்குப் பதில் இப்போது நைலான் வலை. குடிசுக்கு ஓலைக்குப் பதில் தகரம், கீழே பழைய வண்டிச் சக்கரம். மூன்று நாளைக்கு ஒரு தடவை, இடம் புழுக்கையால் நிறைந்ததும், வலையைச் சுருட்டிக் குடிசைத் தள்ளிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். குடிசுக்குள் ஒரு கட்டில், ஒரு குடம், சார்ஜ் போட ஒரு பேட்டரி. வேறென்ன வேண்டும் என்பது அவர் கேள்வி.

“நகர்ற குடிசை அடையாளம் சொன்னீங்களே அக்கா” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“நீங்க திங்கக்கெழம கேட்டீங்க, திங்கக்கெழமைக்குச் சொன்னேன். வெள்ளிக்கெழமைக்கும் சேத்தியா கேட்டீங்க?”

அவர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, தானாகவே பேச ஆரம்பித்தார். படித்தவர்கள் ஏமாறுவது புதிதில்லையாம். போன மாதம் ஆடு எண்ண ஒருவர் வந்தாராம். எண்பது என்று எழுதிக்கொண்டு போனாராம். அடுத்த வாரம் வேறு காட்டில் பட்டி போட்டிருந்தபோது இன்னொருவர் வந்தாராம். அவரும் எண்பது என்று எழுதிக்கொண்டு போனாராம்.

“நீங்க சொல்லலீங்களா, ஏற்கெனவே எண்ணியாச்சுன்னு?”

“அவரு ரோட்டோரத்துல வண்டிய நிறுத்தி, அங்கிருந்தே கத்திக் கேட்டாருங்க. எத்தன ஆடுன்னாரு, எம்பதுன்னேன். பேரென்னன்னாரு, மரகதம்னேன். எழுதுனாரு, போயிட்டாரு. கேட்டதுக்குச் சொன்னேன். அவரு கணக்குல இப்ப ரெண்டு மரகதம் இருக்கும்.”

எனக்குத் தண்ணீர் புரையேறியது.

“என்னாச்சு சாமி? மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு.”

“ஒண்ணுமில்லீங்கக்கா” என்றேன். “ஐந்து கருப்பன்.”

அவர் என்னை நிழலில் உட்கார வைத்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மொட்டைமாடியில்

கிணற்றைப் படமெடுக்காமலே வீட்டுக்கு ஓடினேன். மொட்டைமாடியில் வரைபடத்தை விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தேன். பதினான்கு குடிசுகளுக்கும் பதினான்கு புளியங்கொட்டை. பெயர்வாரியாக, கணக்குப்பிள்ளை எழுதிய வரிசைப்படி, ஒவ்வொன்றாக வைத்தேன்.

பனங்காடு, கருப்பன். அதை ஒட்டிய கல்லாங்காடு, கருப்பன். அதை ஒட்டிய ஓடைக்காடு. அப்புறம் வேலாங்காடு. அப்புறம் மேட்டுக்காடு. ஐந்து கொட்டைகளும் எறும்புச் சாரி போல ஒரே கோட்டில் கிழக்கே போயின. மாரன் தெற்கே போனார். ரங்கன் ஓடையைத் தாண்டினார். சடையன் இரண்டே காட்டோடு நின்றார், அதற்குள் கணக்கு முடிந்துவிட்டிருக்கும்.

ஒரே கருப்பன். அதே மூன்று பிள்ளைகள். ஓலைக் குடிசைக் கழியில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் காடு மாறுகிறார். பின்னாலேயே கணக்குப்பிள்ளை காடு காடாக எண்ணிக்கொண்டு வருகிறார். வரப்பிலேயே நின்று கேட்கிறார். கிட்டே வர மாட்டார், அந்தக் காலத்து வழக்கம் அது. யாருடா? கருப்பனுங்க. எத்தனை உருப்படி? சொல்கிறார். எழுதிக்கொண்டு போகிறார். அடுத்த காட்டில் மறுபடியும் வரப்பு, மறுபடியும் கேள்வி. முகத்தைப் பார்த்திருந்தால் போன வாரம் பார்த்த ஆள் என்று தெரிந்திருக்கும்.

ஓட்டு வீட்டு வாசலின் திசையைக்கூட எழுதியவர்தான் அவர்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. கொஞ்ச நேரம்தான். நான் மட்டும் என்ன செய்தேன்? ஆறு மாதம் அந்தப் பெயர்களோடு இருந்துவிட்டு, பெயர் பரவியிருந்தது என்று அடிக்குறிப்பு எழுதினேன். இரண்டு பேருமே கருப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரே பகலில் என் ஊரில் பத்து வீடு போயிற்று. ஏறக்குறைய ஐம்பது பேர் போனார்கள். ஐந்நூறு ஆடுகள் போயின. இவ்வளவு பெரிய சேதத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு எந்தப் பஞ்சமும் ஒரே நாளில் செய்திருக்காது.

மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் போனைத் தூர வைத்துச் சிரித்தார். பிறகு திருத்தப் பக்கம் ஒன்று அச்சடித்து எடுத்து வரச் சொன்னார். “வேணாம்னா விட்டுடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. உன் இஷ்டம்” என்றும் சொன்னார்.

திருத்துவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் பதினான்கு இப்போது வெறும் ஆய்வேட்டில் மட்டும் இல்லையே. ரோட்டைப் பார்த்த சுவரில், நீல எழுத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. அப்பா சோறு உண்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தேன். “மெதுவாச் சொல்லு கண்ணு, செவுத்தத் தொட்டுப் பாத்துட்டுத்தான் டெய்லி வேலைக்கே போறாரு” என்றார் அம்மா.

சொன்னேன். பதினான்கு இல்லை, நான்குதான் என்று.

அப்பா எழுந்தார். கை கழுவினார். துண்டில் நெடுநேரம் துடைத்தார். “நாலா?” என்றார். என் வாழ்நாளில் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது.

நான் அவசரமாக விளக்கினேன். அந்த நான்கும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, பட்டியோடு போய்க்கொண்டே இருந்தன, ஆட்டுப் புழுக்கை விழுந்த காட்டில்தான் அந்த வருடம் கம்பு நன்றாக வந்திருக்கும், உண்மையில் இது இன்னும் நல்ல ஆய்வு என்றெல்லாம் சொன்னேன். ஆய்வு என்ற சொல் அந்த இடத்தில் எனக்கே நன்றாக இல்லை.

“தேர்வுல நீ எதச் சொல்லுவே?”

“நாலுன்னுதானுங்கப்பா சொல்லணும்.”

தலையாட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். செருப்பை மாட்டிய விதத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று டீக்கடைப் பக்கம் அவர் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் பின்பக்கத் தடத்தில் போனாராம். சுவர் முன்பக்கம் இருக்கிறது.

புதன்கிழமை பொழுது சாயும்போது மட்டும் என்னிடம் வந்து, “அந்தக் கொட்ட வெச்சு அளந்தியாமா, மேல. அதச் சித்தெ காட்டு” என்றார். மாடிக்குக் கூட்டிப்போனேன். நான் காட்டுப் பெயர்களைப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ‘ம்’ கொட்டினார். தறிக்குப் போவதற்கு முன்னால் அந்தக் காடுகள் எல்லாவற்றிலும் களை வெட்டியவர். எதில் பாறை, எதில் ஈரம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பதினான்கும் படித்து முடித்தேன். இறங்கிப் போய்விட்டார்.

தேர்வாளர் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை தேர்வாளர் போத்தனூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்பே இல்லாத முகம். என் ஆய்வேட்டில் ஏகப்பட்ட காகிதத் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார்.

வீடுகள், கிணறுகள், பயிர்கள் பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்தார். அடிக்குறிப்பை உரக்கப் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள்.

“கருப்பன் என்கிற பெயர் அவ்வளவு பரவியதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?”

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“பெயர் பரவவில்லை ஐயா. ஒரே ஒருவர்தான். அவர்தான் பரவியிருந்தார்.”

திருத்தப் பக்கத்தை நீட்டினேன். பட்டி, குடிசு, மூன்று நாள், மரகதக்கா, புளியங்கொட்டை எல்லாம் சொன்னேன். பண்ணையத்து ஆளுக்கு ஊருக்குள் நிலையாக ஒரு வீடு இல்லை என்பதும், ஊர் விளைச்சல் அவர் நகர்ந்த தடத்திலேயே நடந்தது என்பதும் இதனால் தெரிகிறது என்று முடித்தேன். கிணற்றின் படம் இல்லாத குறையை யாரும் கவனிக்கவில்லை.

அவர் திருத்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ரயிலில் அந்த அடிக்குறிப்பைப் படித்துத் தான் சிரித்ததைப் பார்த்து எதிர்ச் சீட்டுக்காரர் என்ன என்று கேட்டதாகச் சொன்னார். “இன்றைக்கு நீங்கள் அதற்கு வக்காலத்து வாங்கியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்” என்றார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து கை கொடுத்தார்.

சுவர்

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாயங்காலம். தேர்ச்சி பெற்றதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவருக்கு அது தோற்ற செய்திதானே.

தூரத்திலேயே அவர் குரல் கேட்டது. வழக்கமான குரல்.

சமுதாயக் கூடத்துச் சுவரில் நீல எழுத்தைக் காணோம். புதுச் சுண்ணாம்பு. பெயின்டர் மணி ஸ்டூல் மேல் நின்றிருந்தார். கீழே அப்பா நின்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் மேலே ‘எம் மக்கள் குடியிருந்த காடுகள்’ என்று இருந்தது. அதன் கீழே பனங்காடு. கல்லாங்காடு. ஓடைக்காடு. ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கி, இடம் போதாமல் மூலை திரும்பிப் பக்கவாட்டுச் சுவருக்குப் போயிருந்தது. ஒரே தடவை நான் படித்ததைப் பிசகாமல் சொன்னார்.

என்னைப் பார்த்ததும், “பாஸா?” என்றார். ஆமாம் என்றேன். “பதினாலுங்கறது சரிதாண்டா. என்னத்த எண்ணுனோம்ங்கறதுலதான் கோளாறு. நாலு ஊட்டத் தூக்கிட்டு பதினாலு காட்டுலயும் குடியிருந்துபோட்டு வந்திருக்கறோம். ஓட்டு ஊட்டுக்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு வாசல்தான்” என்றார். தெருவுக்கே கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய தோட்டத்துக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். பனங்காடும் கல்லாங்காடும் அவருடையவை; டீக்கடையில் பஞ்சத்துப் பேச்சை எடுப்பவர்களில் அவரும் ஒருவர். வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மணி தூரிகையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

“ஏப்பா ஆறுமுகம், எங்க காட்டுப் பேரெல்லாம் உங்க செவுத்துல எழுதி வெச்சிருக்குது?”

“உங்க காடுதானுங்க” என்றார் அப்பா. “நாங்க இருந்த எடமுங்க.”

தோட்டத்துக்காரர் தாடையைச் சொறிந்தார். மறுபடியும் படித்தார். அவர் வாயிலிருந்து பஞ்சம் என்ற சொல் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“ஊஞ்சக்காடு உட்டுப்போச்சே” என்றார். “அங்கயுந்தான் பட்டி போட்டாங்க. அந்தக் காட்டுக் கம்பு யானக்கால் தண்டி வரும்னு எங்க பாட்டன் சொன்னதா எங்கப்பாரு சொல்லுவாரு.”

“எழுது மணி” என்றார் அப்பா. “ஊஞ்சக்காடு.”

“அப்பா, அது பதிவேட்டுல இல்லீங்க” என்றேன். அந்த ஒரு வாரத்தில் ஆதாரத்தைப் பற்றி நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். “ஆதாரம் வேணுமுங்க.”

தோட்டத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நாந்தான் சொல்றேனே தம்பி, நீயென்ன தாசில்தாரா?” என்றார். அப்பாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். டீக்கடையில் எதிரும் புதிருமாக இருந்த இருவரும் அன்று எனக்கு எதிராக ஒன்றாக நின்றார்கள்.

கொஞ்ச நேரம் வாதாடினேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மணி ஸ்டூலை நகர்த்திப் போட்டு, ஊஞ்சக்காடு என்று பெரிதாக எழுதினார். அதன் பக்கத்தில் நான் சொன்னபடி, அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் ‘வாய்மொழித் தகவல்’ என்று எழுதினார்.

“யாரு சொன்னதுன்னு பேரு போட வேண்டாமா?” என்றார் தோட்டத்துக்காரர்.